லான்சிங்கில் ஓர் ஆண்டு: மாக்கினா மையமும் 2012-ன் மிச்சிகனும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மிட்லண்ட் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. டவ் கெமிக்கல் நிறுவனத்தின் தலைமையிடம் அங்கேதான். 1987-ல் அதே ஊரில் மாக்கினா பொதுக் கொள்கை மையம் தொடங்கப்பட்டது. தடையற்ற சந்தை, குறைந்த வரி, சிறிய அரசு ஆகியவை அதன் கொள்கைகள். மாநிலத் தலைநகரான லான்சிங் அங்கிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். மையத்தின் பார்வை வாஷிங்டன் பக்கம் அதிகம் திரும்பவில்லை. லான்சிங்கின் மீதே இருந்தது. பல ஆண்டுகளாக அது கேட்டுவந்த மாற்றங்களில் பல, 2012 என்ற ஒரே ஆண்டில் சட்டமாயின. அவற்றில் கடைசியாக வந்தது, தொழிற்சங்கங்களின் தாய்வீடு என்று பெயரெடுத்த மிச்சிகனை 'வேலை உரிமை' மாநிலமாக மாற்றிய சட்டம். ஒரு கொள்கைக் குழு மாநில அளவில் எப்படி வேலை செய்கிறது, எதைச் சாதிக்கிறது, எங்கே வரம்பு மீறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இத்தகைய குழுக்கள் கட்சிகள் அல்ல. வேட்பாளரை நிறுத்துவதில்லை, இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று சொல்வதற்கும் சட்டம் இடம் தரவில்லை. வரிவிலக்குப் பெற்ற அறக்கொடை அமைப்பாகப் பதிவுசெய்துகொண்டதால், குறிப்பிட்ட மசோதாவை ஆதரித்துச் சட்டமன்ற உறுப்பினரிடம் நேரடியாகப் பரிந்து பேசும் வேலையை ஓர் அளவுக்குள்தான் வைத்துக்கொள்ள முடியும். ஆய்வறிக்கை எழுதலாம், கட்டுரை வெளியிடலாம், கூட்டம் நடத்தலாம், வழக்குத் தொடரலாம். அவற்றுக்கு அளவில்லை. நன்கொடை தருவோருக்கு வரிச்சலுகை கிடைக்கும்; அவர்கள் பெயரை ஊரறியச் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. மாக்கினா மையம் தன் கொடையாளர் பட்டியலை வெளியிடுவதில்லை. மிச்சிகனின் பெருஞ்செல்வக் குடும்பமான டிவோஸ் குடும்பத்தின் அறக்கட்டளை போன்றவை கொடுத்த தொகைகள் அந்த அறக்கட்டளைகளின் சொந்தக் கணக்கு அறிக்கைகள் வழியாகவே வெளியே தெரிந்தன. மாநிலச் சட்டத்தையே மாற்றும் அளவுக்குச் செல்வாக்கு உள்ள ஓர் அமைப்பின் பணம் எங்கிருந்து வருகிறது என்று குடிமக்கள் கேட்பது நியாயமான கேள்வி. தனியுரிமை என்ற பதில் அந்தக் கேள்வியை முழுதாகத் தீர்க்கவில்லை.

வாஷிங்டனை விட்டு மாநிலத்தை இவர்கள் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூடம், ஆசிரியர் ஓய்வூதியம், தொழில் உரிமம், உள்ளாட்சி நிதி என்று அன்றாட வாழ்வைத் தொடும் பெரும்பாலான விஷயங்கள் அமெரிக்காவில் மாநிலத்தின் கையில்தான் இருக்கின்றன. மாநிலச் சட்டமன்றத்தைக் கவனிக்கும் செய்தியாளர்களும் குறைவு. மிச்சிகனில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 1992-ல் அந்த மாநில வாக்காளர்கள் பதவிக்கால வரம்பை ஏற்றார்கள்: பிரதிநிதிகள் அவையில் வாழ்நாளில் ஆறு ஆண்டு, செனட்டில் எட்டு ஆண்டு, அதற்குமேல் கிடையாது. 2022-ல் மாற்றப்படும்வரை அதுவே விதி. ஓய்வூதியக் கணக்கின் நெளிவுசுளிவை ஓர் உறுப்பினர் கற்றுத் தேர்வதற்குள் வீட்டுக்குப் போகும் நேரம் வந்துவிடும். சட்டமன்றத்தின் நினைவாற்றல் இப்படிக் குறையக் குறைய, வெளியே இருந்துகொண்டு எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பவருக்கு மதிப்பு கூடிற்று. மாக்கினா மையத்தின் ஆய்வாளர் ஒரே துறையில் பதினைந்து ஆண்டு இருப்பார்; அவரிடம் விளக்கம் கேட்க வரும் உறுப்பினர் அவைக்குப் புதிதாக வந்தவராக இருப்பார். குழுக்களின் செல்வாக்கைப் பணத்தை மட்டும் வைத்து அளப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

மையம் பயன்படுத்திய கருவிகளும் இந்த நிலைமைக்கு ஏற்றவையாகவே இருந்தன. சட்டமன்றத்தில் நடக்கும் ஒவ்வொரு வாக்கெடுப்பையும் எளிய மொழியில் பதிவுசெய்யும் சேவை ஒன்றை அது நடத்தியது. யார் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்பதைச் சாதாரண வாக்காளரும் பார்க்க முடிந்தது. லான்சிங் செய்திகளுக்கென்று தன் சொந்த ஏடு வைத்திருந்தது. 2009-ல் வழக்குகளுக்காகச் சட்டப் பிரிவு ஒன்றும் தொடங்கப்பட்டது. ஆய்வு, செய்தி, வழக்கு மூன்றும் ஒரே கூரையின்கீழ் வந்தன.

மையத்தின் துணைத் தலைவர்களில் ஒருவராக இருந்த ஜோசப் ஓவர்ட்டன் 1990-களில் அட்டையில் ஒரு சிறு கருவி செய்தார். நன்கொடையாளர்களுக்குத் தங்கள் வேலையை விளக்குவதற்காகச் செய்தது அது. ஒரு துறையில் சாத்தியமான கொள்கைகள் எல்லாம் மேலிருந்து கீழாக வரிசையாக எழுதப்பட்டிருக்கும். கல்வி என்றால், ஒரு முனையில் அரசுப் பள்ளியே கூடாது என்பது, மறு முனையில் எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளியில்தான் படிக்கவேண்டும் என்பது, இடையில் மற்றவை. அந்த வரிசையின் மேல் ஏறி இறங்கும்படி, சன்னல் வெட்டிய ஓர் அட்டைத் துண்டு. எந்தக் காலத்திலும் சன்னலுக்குள் தெரியும் கொள்கைகளை மட்டுமே அரசியல்வாதி பதவிக்குப் பயமில்லாமல் ஆதரிக்க முடியும் என்பது அவர் சொன்ன கருத்து. ஆகவே அரசியல்வாதியைப் பிடித்து இழுப்பதில் பயனில்லை. சன்னலை நகர்த்தவேண்டும், அதை நகர்த்துவது மக்களின் கருத்து. ஓவர்ட்டன் 2003-ல் சிறு விமான விபத்தில் 43 வயதில் இறந்தார். 'ஓவர்ட்டன் சன்னல்' என்ற பெயர் அதன்பிறகே அவர் சகாக்களால் சூட்டப்பட்டது. இன்று உலகெங்கும் அரசியல் பேசுவோர் வாயில் புழங்கும் அந்தச் சொல் மிட்லண்டில் ஓர் அட்டைத் துண்டிலிருந்து பிறந்தது.

மிச்சிகனில் தொழிற்சங்கப் பிரச்சினை அந்தச் சன்னலுக்கு வெகு வெளியே கிடந்தது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1936 டிசம்பர் 30 அன்று பிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆனால் தொழிற்சாலையை விட்டு வெளியே வரவில்லை. எந்திரங்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். 44 நாள் போராட்டம். ஆளுநர் பிராங்க் மர்பி அவர்களை வெளியேற்றப் படையை ஏவ மறுத்தார். 1937 பிப்ரவரி 11 அன்று நிறுவனம் ஐக்கிய கார்த் தொழிலாளர் சங்கத்தை ஏற்றது. அடுத்து வந்த இரண்டு தலைமுறைக்கு மிச்சிகனில் கார்த் தொழிலாளி சொந்த வீடும் ஓய்வூதியமும் வைத்து வாழ முடிந்ததற்கு அந்த 44 நாள் அடித்தளம். அங்கே சங்கத்தின் மேல் கைவைக்கும் சட்டம் வெறும் பொருளாதாரச் சட்டமாக யார் கண்ணுக்கும் தெரிந்திருக்க முடியாது.

'வேலை உரிமை' என்ற சொல் தமிழில் படிப்பவரைத் தடுமாற வைக்கும். இந்திய அரசமைப்பின் 41-ஆம் பிரிவு பேசும் வேலை உரிமை, வேலை பெறுவதற்கான உரிமை. அமெரிக்காவில் அதே சொல்லுக்கு வேறு பொருள்: சங்கத்துக்குப் பணம் கட்டாமலேயே வேலையில் நீடிக்கும் உரிமை. பின்னணி இதுதான். இந்தியாவில் ஒரு தொழிற்சாலையில் நான்கு சங்கம் இருக்கலாம், விரும்பியவர் விரும்பியதில் சேரலாம், எதிலும் சேராமலும் இருக்கலாம். அமெரிக்காவில் ஒரு பிரிவுத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் ஒரு சங்கத்தைத் தேர்ந்தெடுத்தால், அந்தச் சங்கமே எல்லோருக்கும் ஒரே பிரதிநிதி. அதில் சேராதவருக்காகவும் அது நேர்மையாகப் பேரம் பேசவேண்டும், அவருக்காகவும் வழக்காடவேண்டும். அதனால் அந்தச் செலவுக்கு அவரும் பங்கு தரவேண்டும் என்று நிர்வாகத்தோடு சங்கம் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். 1947-ன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம், அதன் 14-ஆம் பிரிவில் ஒரு சிறு துணைப்பிரிவின் மூலம், அப்படிப்பட்ட ஒப்பந்தத்தைத் தடைசெய்யும் அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்தது. அதைப் பயன்படுத்தித் தடைசெய்த மாநிலங்களே வேலை உரிமை மாநிலங்கள்.

இரு தரப்பு வாதங்களும் எடையுள்ளவை. தான் கேட்காத சேவைக்கு, தன் கருத்துக்கு மாறாக அரசியல் பேசும் அமைப்புக்கு, வேலையை இழப்போம் என்ற அச்சத்தில் ஒருவன் ஏன் பணம் தரவேண்டும் என்பது மாக்கினா மையத்தின் கேள்வி. கூலி உயர்வை வாங்கிக்கொள்பவன் அதைப் பெற்றுத் தந்த செலவில் பங்கு தராமல் ஒதுங்கினால், நாளை பங்கு தருபவர் யாரும் மிஞ்சமாட்டார்; சங்கம் தானே கரையும் என்பது சங்கங்களின் பதில். முதலாளி தரப்பு சங்கம் கரைவதையே விரும்புகிறது என்றும் அவை சொல்லின. நீதிமன்றங்களும் இந்த இரண்டுக்கும் நடுவில் அலைந்திருக்கின்றன. 1977-ல் டெட்ராய்ட் பள்ளி ஆசிரியர்கள் தொடர்ந்த அபூட் வழக்கில், பேரச் செலவுக்கு மட்டும் கட்டாயக் கட்டணம் வாங்கலாம், அரசியல் செலவுக்கு வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் கோடு கிழித்தது. நாற்பதாண்டுக்கு மேல் நின்ற கோடு அது.

2012 தொடங்கியபோது காற்று எந்தப் பக்கம் என்று யாரும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. 2010 தேர்தலில் குடியரசுக் கட்சி மிச்சிகனில் ஆளுநர் பதவியையும் இரு அவைகளையும் பிடித்திருந்தது. அமெரிக்க ஆளுநர் இந்திய ஆளுநரைப் போல நியமிக்கப்படுபவர் அல்ல; நம் முதலமைச்சருக்கு நிகராக ஆட்சி நடத்துபவர். அந்தப் பதவியில் இருந்த ரிக் ஸ்னைடர், வேலை உரிமைச் சட்டம் தம் திட்டத்தில் இல்லை, அது மாநிலத்தைப் பிளக்கும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். பக்கத்து ஒஹையோவில் 2011 நவம்பரில்தான், அரசு ஊழியர்களின் பேர உரிமையைக் குறைத்த சட்டத்தை வாக்காளர்கள் பெரும் வித்தியாசத்தில் தூக்கியெறிந்திருந்தார்கள். ஆனால் 2012 பிப்ரவரி 1 அன்று தெற்கு அண்டை மாநிலமான இண்டியானா வேலை உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. பழைய தொழில் வட்டாரத்தில் அப்படி ஒரு சட்டம் வருவது நெடுங்காலத்துக்குப் பிறகு அதுவே முதல்முறை. புதுத் தொழிற்சாலைக்கு இடம் தேடும் நிறுவனங்கள் எல்லை தாண்டிப் போய்விடும் என்ற வாதம் அன்றிலிருந்து லான்சிங்கில் பலமாகக் கேட்கத் தொடங்கியது.

ஆண்டின் முதல் பாதியில் சிறு சிறு சட்டங்கள் வந்தன. பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி உதவியாளராக இருக்கும் மாணவர்கள் சங்கம் அமைக்க முடியாது என்றது ஒன்று. அது பின்னர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆசிரியர் சம்பளத்திலிருந்து சங்கச் சந்தாவைப் பள்ளி நிர்வாகமே பிடித்துக்கொடுக்கக் கூடாது என்றது இன்னொன்று. ஏப்ரலில் வந்த மூன்றாவது சட்டத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். மையத்தின் வேலையில் மிக நியாயமான பகுதி அதுவே.

படுக்கையில் கிடக்கும் முதியவர், மூளை முடக்குவாதம் உள்ள மகன் அல்லது மகள் போன்றோரை விடுதிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பவருக்கு, ஏழைகளுக்கான மருத்துவ உதவி நிதியிலிருந்து மாதந்தோறும் சிறு தொகை தரும் திட்டம் மிச்சிகனில் உண்டு. அப்படிப் பார்ப்பவர்களில் ஏராளமானோர் நோயாளியின் தாய், தகப்பன், மகள், பேரன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரவில் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவர்கள் கை வேலை. அவர்களுக்கு முதலாளி என்று ஒருவர் இருந்தால் அது அந்த நோயாளிதான். ஆனால் 2004-ல் அரசுத் துறை ஒன்றும் உள்ளாட்சி அமைப்பு ஒன்றும் சேர்ந்து ஒரு மன்றத்தை உருவாக்கின. பேரத்துக்கு மட்டும் அந்த மன்றமே இவர்களின் முதலாளி என்று வைத்துக்கொள்ளப்பட்டது. 2005-ல் தபால் வழி வாக்கெடுப்பு நடந்தது. பல்லாயிரம் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பப்பட்டது; திருப்பி அனுப்பியவர்கள் ஒரு சிறு பகுதியினர். அவர்களில் பெரும்பான்மை ஆதரித்ததால் சேவைத் தொழிலாளர் சர்வதேச சங்கத்தின் மிச்சிகன் கிளை எல்லோருக்கும் பிரதிநிதியாயிற்று. அதன்பிறகு மாதத் தொகையில் சந்தா பிடிக்கப்பட்டது.

பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தகப்பன், வந்த காசோலையில் சங்கச் சந்தா கழிந்திருப்பதைப் பார்த்து, தான் எப்போது அரசு ஊழியன் ஆனேன் என்று கேட்டால் அதற்கு யாரும் சரியான பதில் சொல்ல முடியாது. மாக்கினா மையம் இந்தக் கேள்வியைப் பல ஆண்டு விடாமல் எழுப்பியது. ஊர் ஊராகக் குடும்பங்களைக் கண்டுபிடித்துப் பேட்டி எடுத்தது. மொத்தத்தில் 3 கோடியே 40 லட்சம் டாலருக்குமேல் இப்படிப் போயிருக்கிறது என்று கணக்குச் சொன்னது. சங்கத்தின் தரப்பிலும் சொல்வதற்கு இருந்தது. வீட்டுப் பராமரிப்பு செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள், மிகக் குறைந்த வருமானம் உள்ளவர்கள். தனித்தனியாக நின்றால் அவர்கள் குரல் எங்கும் எட்டாது. மன்றம் பராமரிப்பாளர் பதிவேடு வைத்து, பின்னணி சரிபார்த்து, குடும்பங்களுக்கு உதவியது. உண்மைதான். என்றாலும், தான் தொழிலாளி என்றே நினைக்காத ஒரு தாயை அவளுக்குத் தெரியாமல் உறுப்பினராக்கியது சங்க இயக்கத்தின் பெருமைக்கு உதவவில்லை. பிளின்ட் தொழிலாளி தன் சங்கத்தை 44 நாள் உட்கார்ந்து பெற்றான். இவளுக்கோ சங்கம் வந்தது காசோலையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. 2012 ஏப்ரலில் வந்த சட்டம், இவர்கள் அரசு ஊழியர் அல்லர் என்று தெளிவாக்கியது. வழக்கு காரணமாகப் பிடித்தம் மேலும் சில மாதம் நீடித்து, 2013 தொடக்கத்தில் நின்றது. விருப்பமிருந்தால் கட்டலாம் என்ற நிலை வந்ததும் பெரும் பகுதியினர் விலகினார்கள். இலினாய் மாநிலத்தில் இதே போன்ற ஏற்பாட்டை 2014-ல் ஹாரிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் தள்ளியது.

செப்டம்பரில் வந்த ஆசிரியர் ஓய்வூதியச் சட்டத்தில் மையம் கேட்டது பாதிதான் கிடைத்தது. மாநில அரசு ஊழியருக்கு 1997-ல் செய்ததுபோல, புதிதாகச் சேரும் ஆசிரியருக்குப் பழைய ஓய்வூதியத் திட்டத்தை மூடிவிட்டு, சேமிப்புக் கணக்கு முறைக்கு மாற்றவேண்டும் என்பது அதன் கோரிக்கை. மாற்றத்துக்கு ஆகும் உடனடிச் செலவைக் கண்டு சட்டமன்றம் தயங்கியது. இரண்டையும் கலந்த திட்டம் தொடர்ந்தது. மையம் அதே கோரிக்கையைத் திரும்பத் திரும்ப எழுதியது; 2017-ல் கிட்டத்தட்ட அதை ஒத்த சட்டம் வந்தது.

அந்த ஆண்டைத் திருப்பிவிட்டது சங்கங்களின் சொந்த முடிவு. ஆண்டுதோறும் ஒவ்வொரு செங்கல்லாக உருவப்படுவதைக் கண்டு, கூட்டுப் பேர உரிமையை மாநில அரசமைப்பிலேயே எழுதிவிடுவது என்று அவை தீர்மானித்தன. அரசமைப்பில் ஏறிவிட்டால் எந்தச் சட்டமன்றமும் தொட முடியாது. கையெழுத்து திரட்டி, மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்று, நவம்பர் வாக்குச்சீட்டில் 2-ஆம் முன்மொழிவாக இடம் பிடித்தன. வீட்டுப் பராமரிப்பாளர் மன்றத்தை அரசமைப்பில் சேர்க்கும் 4-ஆம் முன்மொழிவும் கூடவே வந்தது. மாக்கினா மையம் 2-ஆம் முன்மொழிவு எந்தெந்தச் சட்டங்களைச் செல்லாதவையாக்கும் என்று பட்டியலிட்டு வெளியிட்டது. எதிர்த்தரப்பு விளம்பரங்களுக்கு அந்தப் பட்டியல் சரக்காயிற்று.

நவம்பர் 6 அன்று அதிபர் ஒபாமா மிச்சிகனில் வசதியாக வென்றார். அதே வாக்குச்சீட்டில் 2-ஆம் முன்மொழிவுக்கு எதிராக 57 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். சங்கத்தின் கோட்டையே சங்கத்தைக் கைவிட்டது என்று மையமும் அதன் நண்பர்களும் படித்தார்கள். அந்த வாசிப்பை அப்படியே ஏற்க முடியாது. அன்று வாக்குச்சீட்டில் இருந்த ஆறு முன்மொழிவுகளும் தோற்றன. வரி உயர்த்த மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை வேண்டும் என்ற 5-ஆம் முன்மொழிவு, சந்தை ஆதரவாளர்களுக்கு இனிக்கும் கருத்து. அது இன்னும் மோசமாகத் தோற்றது. அரசமைப்பைத் தொடவேண்டாம் என்பதே வாக்காளர் சொன்ன செய்தி என்றும் படிக்கலாம். ஆனால் அரசியலில் தேர்தல் முடிவுக்குப் பொருள் சொல்வதில் முந்திக்கொள்பவர் சொல்வதே நிற்கும். மையம் முந்திக்கொண்டது.

இன்னொரு கணக்கும் இருந்தது. அதே தேர்தலில் பிரதிநிதிகள் அவையில் குடியரசுக் கட்சியின் 64 இடங்கள் 59 ஆகக் குறைந்தன. புதிய அவை ஜனவரியில்தான் கூடும்; டிசம்பர் முடியும்வரை பழைய அவைக்கே அதிகாரம். 110 பேர் கொண்ட அவையில் சட்டத்துக்கு 56 வாக்கு வேண்டும். கட்சிக்குள்ளேயே ஆறு பேர் எதிர்ப்பதாக வைத்தால் பழைய அவையில் 58 வரும், புதிய அவையில் 53 தான் வரும். இப்போது விட்டால் இனி இல்லை என்ற நிலை. 2006-ல் ஆளுநர் தேர்தலில் தோற்ற டிக் டிவோஸ் போன்ற செல்வாக்குள்ளவர்கள் உறுப்பினர்களைத் தொலைபேசியில் ஒவ்வொருவராகப் பிடித்தார்கள். சங்கத் தலைவர்களோடு ஸ்னைடர் நடத்திய பேச்சு முறிந்தது. டிசம்பர் 6 அன்று, தம் முன்னாள் சொல்லை மாற்றி, சட்டத்தை ஆதரிப்பதாக அவர் அறிவித்தார். அன்றே இரு அவைகளிலும் மசோதாக்கள் முதல் கட்டமாக நிறைவேறின. குழு விசாரணை இல்லை, பொதுமக்களைக் கேட்கவில்லை. சட்டமன்றக் கட்டடத்தின் கதவுகள் பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சில மணி நேரம் அடைக்கப்பட்டன. உள்ளே நுழைய முயன்றோர் மேல் மிளகுத் தெளிப்பு பாய்ந்தது. நீதிமன்ற ஆணை வந்த பிறகே கதவு திறந்தது.

டிசம்பர் 11 இறுதி வாக்கெடுப்பு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கட்டடத்தைச் சூழ்ந்தார்கள். 1879-ல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் நடுவில், குவிமாடத்துக்கு நேர் கீழே, கண்ணாடித் துண்டுகள் பதித்த வட்டத் தளம் ஒன்று உண்டு. அதைச் சுற்றிய மாடங்கள் தோறும் மக்கள் நின்று கோஷமிட்டார்கள். வெளியே புல்வெளியில், சட்டத்தை ஆதரித்த அமைப்பொன்றின் கூடாரத்தை எதிர்ப்பாளர்கள் சிலர் சரித்தார்கள், கைகலப்பு நடந்தது. அந்தக் காட்சி சங்கங்களுக்குக் கெட்ட பெயரையே தந்தது. உள்ளே, அரசு ஊழியருக்கான மசோதா 58-க்கு 51, தனியார் துறைக்கானது 58-க்கு 52. மாலைக்குள் ஸ்னைடர் கையெழுத்திட்டார். மிச்சிகன் 24-ஆவது வேலை உரிமை மாநிலமாயிற்று. முந்தைய நாள்தான் அதே மாநிலத்துக்கு வந்து, இது குறைந்த கூலிக்கு வேலை செய்யும் உரிமை என்று ஒபாமா கண்டித்துவிட்டுப் போயிருந்தார்.

சட்டத்தின் உள்ளே இரண்டு விஷயங்கள் கண்ணில் படவேண்டும். காவலருக்கும் தீயணைப்பு வீரருக்கும் அது பொருந்தாது. சங்கத்துக்குக் கட்டாயமாகப் பணம் தருவது மனித சுதந்திரத்துக்கு எதிரானது என்றால், காவலருக்கு மட்டும் அந்தச் சுதந்திரம் ஏன் வேண்டாம் என்பதற்கு நம்பும்படியான விளக்கம் வரவில்லை. இரண்டாவது, சட்டத்தை நடைமுறைப்படுத்தப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கிய பகுதி. மிச்சிகன் அரசமைப்பின்படி நிதி ஒதுக்கும் சட்டத்தைப் பொது வாக்கெடுப்புக்கு இழுக்க முடியாது. ஒஹையோவில் நடந்தது இங்கே நடக்காமல் அந்தச் சிறு தொகை காவல் நின்றது. மக்கள் கருத்தே சன்னலை நகர்த்துகிறது என்பது ஓவர்ட்டன் கற்பித்த பாடம். அந்த மக்களிடம் கேட்டுவிடாதபடி ஒரு தாழ்ப்பாளைப் போட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது அவர் பாடத்துக்கே எதிரானது. கருத்துப் போரில் வென்றுவிட்டோம் என்று நம்பியவர்களுக்கு அந்தத் தாழ்ப்பாள் தேவைப்பட்டிருக்கக் கூடாது.

விளைவுகள் இரு தரப்பும் சொன்ன அளவுக்கு உடனே வரவில்லை. நடைமுறையில் இருந்த ஒப்பந்தங்கள் முடியும்வரை செல்லும். டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கார் நிறுவனங்களின் ஒப்பந்தம் 2015 செப்டம்பரில்தான் முடிந்தது. ஆசிரியர் சங்கத்தை விட்டு விலக விரும்பியவர் ஆகஸ்ட் மாதத்தில் மட்டுமே கடிதம் கொடுக்க முடியும் என்ற விதி இருந்தது. பள்ளி விடுமுறையில் இருக்கும் ஆசிரியருக்கு அந்த மாதத்தை நினைவூட்டுவதே மையத்தின் கோடைக்கால வேலையாயிற்று. அந்த விதிக்கு எதிராகவும் அது வழக்காடி வென்றது. சங்கத்தில் இருந்த தொழிலாளர் பங்கு 2012-ல் 16.6 விழுக்காடு, பத்தாண்டு கழித்து 14. சரிவு உண்டு; ஆனால் 1960-களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இருந்து இவ்வளவு கீழே வந்த பெருஞ்சரிவு, சட்டம் வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. கூலி, வேலைவாய்ப்பு மீதான பாதிப்பைத் தனியாகப் பிரித்தெடுப்பது கடினம். 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் மனு கொடுத்த பள்ளத்திலிருந்து மாநிலம் ஏறிவந்த காலம் அது. எந்த ஏற்றம் எதனால் என்று ஒவ்வொரு தரப்பும் தனக்கேற்ற ஆய்வைக் காட்டியது.

மற்ற மாநிலங்களில் பரவல் வேகமாக இருந்தது. 2015-ல் விஸ்கான்சின், 2016-ல் மேற்கு வர்ஜினியா, 2017-ல் கென்டக்கி. மிசூரி மட்டும் வேறு கதை: அங்கே 2017-ல் வந்த சட்டத்தைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக முடிந்தது. 2018 ஆகஸ்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் அதை ரத்துசெய்தார்கள். அதே ஆண்டு ஜூன் 27 அன்று, ஜானஸ் வழக்கில், அபூட் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் கவிழ்த்தது. நாடு முழுவதும் எந்த அரசு ஊழியரிடமும் கட்டாயக் கட்டணம் வாங்கக்கூடாது என்றாயிற்று. மாநிலம் மாநிலமாக நடந்த போராட்டத்தின் பாதி, ஒரே தீர்ப்பில் முடிந்தது.

மிச்சிகனில் 2022 தேர்தலில் ஜனநாயகக் கட்சி ஆளுநர் பதவியோடு இரு அவைகளையும் பிடித்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் அதுவே முதல்முறை. 2023 மார்ச் 24 அன்று ஆளுநர் கிரெச்சன் விட்மர் வேலை உரிமைச் சட்டத்தை ரத்துசெய்யும் சட்டங்களில் கையெழுத்திட்டார். 1965-ல் இண்டியானா தன் பழைய சட்டத்தைக் கைவிட்டதற்குப் பிறகு எந்த மாநிலமும் இப்படிச் செய்ததில்லை. ரத்துச் சட்டத்திலும் நிதி ஒதுக்கும் பகுதி ஒன்று இருந்தது. அதையும் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக முடியாது. 2012-ல் அந்த முறையைக் கண்டித்தவர்கள் 2023-ல் அதே முறையைக் கையாண்டது வருந்தத்தக்கது. இரு முறையும் மிச்சிகன் வாக்காளரிடம் நேராக இந்தக் கேள்வி கேட்கப்படவில்லை.

ரத்து 2024 பிப்ரவரி 13 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து தனியார் துறையில் சங்கமும் நிர்வாகமும் விரும்பினால் கட்டாயக் கட்டண ஒப்பந்தம் போடலாம். அரசு ஊழியருக்கான பகுதி சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஜானஸ் தீர்ப்பு நிலைத்திருக்கும்வரை அதற்கு உயிர் இல்லை. வீட்டுப் பராமரிப்பாளர்களின் கேள்வியும் 2024-ல் மீண்டும் லான்சிங்குக்கு வந்தது: பேரத்தின் பொருட்டு அவர்களை மறுபடியும் அரசு ஊழியராகக் கருதும் சட்டத்தை அதே ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மை கொண்டுவந்தது. மிட்லண்டிலிருந்து மையம் அதற்கு எதிராக எழுதத் தொடங்கியது.